மரியதாஸ் மொழிபெயர்த்த வரி

குருமடத்திலிருந்து திரும்பி வந்தபோது மரியதாஸுக்கு இருபத்திரண்டு வயது. எட்டு வருஷம் படித்துவிட்டுப் குருப்பட்டம் வேண்டாமென்று ஓடிவந்தவன் என்று சாந்தோமில் பேசிக்கொண்டார்கள். அவன் ஓடிவரவில்லை. ஜெபவேளையில் அவன் மனம் எங்கெங்கோ போய்விடுகிறது என்பதைக் குருமடத்துத் தலைவர் கவனித்தார். முழங்காலில் இருப்பான், உதடும் அசையும், ஆனால் கண் ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு மேகத்தின் மேல் இருக்கும். "உனக்கு வீடுதான் சரி" என்று சொல்லி, ஒரு லத்தீன் அகராதியையும் கையில் கொடுத்து ரயிலேற்றிவிட்டார்.

வீடு என்று இருந்தது கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டுக் கட்டிடத்தில் ஓர் அறை. தாய் தகப்பன் இருவரும் அவன் குருமடத்தில் இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்துச் சிறு கோயிலின் பங்குச்சாமியார் கோவாக்காரர். தமிழ் அவருக்குப் பேச வரும், எழுத வராது. மரியதாஸைக் கோயில் எழுத்தராக வைத்துக்கொண்டார். ஞானஸ்நானம், கலியாணம், சாவு மூன்றுக்கும் மூன்று பெரிய புத்தகங்கள். மூன்றிலும் லத்தீனில் எழுத வேண்டும். வெளியூரிலிருந்து வரும் கடிதங்களைத் தமிழாக்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டும். மலாய் நாட்டில் பிரெஞ்சுச் சாமியார்கள், சாந்தோமில் போர்த்துக்கீசியரும் கோவாக்காரரும். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாததால் எல்லாரும் லத்தீனில் எழுதிக்கொண்டார்கள்.

1924-ஆம் வருஷம் மார்ச் மாதம், அவன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், மலாய் நாட்டுப் பேராக்கிலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தது. ரப்பர் தோட்டத்துக்குக் கிராணியாக, அதாவது கணக்கராகப் போன ராயப்பன் என்பவரைப் பற்றியது. ஊருக்குத் திரும்பக் கப்பலேறும் அவசரத்தில் ஒரு பிரெஞ்சுச் சாமியார் எழுதிய நாலு வரி. அதில் நடுநாயகமான வரி இது:

"பேத்ரும், ஃபேப்ரி லபொராந்தெம், ஒம்னிபுஸ் சாக்ரமெந்திஸ் மூனீதும், மொரித்தூரும் ரெலிக்வி."

மரியதாஸ் அரைமணி நேரத்தில் தமிழாக்கிவிட்டான். பேத்ரும் என்றால் ராயப்பன்; சாக்ரமெந்திஸ் என்றால் தேவதிரவிய அனுமானங்கள், சாகக்கிடப்பவருக்குக் கோயில் செய்யும் கடைசிச் சடங்குகள். "ராயப்பன் காய்ச்சலில் வருந்தி, தேவதிரவிய அனுமானங்களையெல்லாம் பெற்று, இறந்துவிட, நான் அவ்விடம் விட்டு வந்தேன்." எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். வருந்தி, பெற்று, இறந்து. ஓசை அழகாக விழுந்திருந்தது. சாமியாரிடம் கொடுத்தான். மறுநாள் துக்கமணி அடித்தார்கள். சாவுப் புத்தகத்தில் மரியதாஸே பெயரை ஏற்றினான். அடுத்த வாரம் இறந்தவருக்காக வைத்த பூசையில், பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், தூணை ஒட்டி ஒரு சின்னப் பெண் வெள்ளைப் புடவையில் முழங்காலிட்டிருந்ததைப் பார்த்தான். இருபது வயதுதான் இருக்கும். அவள் பெயர் ஃப்ளோரன்ஸ் என்று உபதேசியார் சொன்னார். கலியாணமான ஏழாம் மாதம் புருஷன் கப்பலேறினாராம்.

அதற்குப் பிறகு அவன் அதை மறந்துவிட்டான்.

அடுத்த சில வருஷங்கள் மரியதாஸுக்கு இதமாகவே கழிந்தன. காலையில் புத்தகங்கள். மாலையில் கடற்கரையோரமாகவே தெற்கே நடந்து அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் வரை போவான். ஆற்றுக்கு அந்தப்புறம் பெரிய தோட்டத்தின் மரங்கள் நீலமாகத் தெரியும். மணல்திட்டில் கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்கும். அவனும் ஏறக்குறைய அப்படித்தான் நிற்பான், மனதுக்குள் ஏதாவது ஒரு லத்தீன் சொற்றொடரைத் தமிழில் புரட்டிக்கொண்டு.

குருமடத்தில் லத்தீனை இங்கிலீஷ் புத்தகம் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 'சோலே ஒரியெந்தே' என்ற இரண்டே சொல்லுக்கு அந்தப் புத்தகம் அரைப் பக்கம் விளக்கம் தந்தது. சூரியன் உதித்துக்கொண்டிருந்த பொழுதில் என்றும், உதித்த காரணத்தால் என்றும், உதித்தாலும்கூட என்றும் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டுமாம். ஒரு நாள் காலை முகத்துவாரத்தில் நிற்கையில், தண்ணீருக்குள்ளிருந்து நனைந்தாற்போலச் சூரியன் மேலே வந்தது. 'சூரியன் உதிக்க' என்று அவன் வாய் தானாகச் சொன்னது. அவ்வளவுதான். பொழுது விடிய, மழை பெய்ய, ஆள் பார்த்திருக்க என்று பிறந்தது முதல் பேசிவருகிற பேச்சு. அரைப் பக்கம் தேவையில்லை. லத்தீன்காரன் தொங்கவிட்ட வினையைத் தமிழனும் அப்படியே தொங்கவிட்டிருக்கிறான். மரியதாஸுக்கு மணலில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்து சிரித்தான். வலை இழுத்துக்கொண்டிருந்த செம்படவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் லத்தீன் எச்சங்களை எழுதிப் பக்கத்தில் தமிழ் எச்சங்களை எழுதத் தொடங்கினான். செய்கிற, செய்த, செய்யப்போகிற. செய்து, செய்ய. வேலை நேரத்திலும் எழுதினான். பங்குச்சாமியார் பார்த்தும் பாராதவர்போல இருந்துவிடுவார்.

1928-இல் ஒரு சனிக்கிழமை மாலை, அவன் கோயில் கதவைச் சாத்தப் போனபோது, தரையில் பதித்த பழைய கல்லறைக்கல் ஒன்றின் முன்னால் ஃப்ளோரன்ஸ் குனிந்து நின்றிருந்தாள். இப்போது அவள் பங்குப் பெண்கள் பள்ளியில் டீச்சர். கோயில் பாடகர் குழுவிலும் இருந்தாள். தமக்கை லூயிசா வீட்டில் குடியிருந்தாள்.

"இது இன்னா எழுதிக் கீது?" என்று கேட்டாள். "ஆறு வருஷமா இதும் மேலதான் முட்டி போடறேன். இன்னான்னே தெரியல. பாடறதும் அப்பிடித்தான். கிளிப்பிள்ளை மாரி."

மரியதாஸ் குனிந்து பார்த்தான். போர்த்துக்கீசிய மாலுமி ஒருவனின் கல். தேய்ந்துபோன எழுத்தில் கடைசிச் சொல் மட்டும் தெளிவாக இருந்தது.

"எக்ஸ்பெக்தான்ஸ். எதிர்பார்க்கிறவன்னு அர்த்தம். உத்தானத்தை, செத்தவங்க உயிர்த்தெழற நாளை, எதிர்பார்த்து இங்க படுத்திருக்கிறான்."

"எதிர்பார்த்தான்னா, முடிஞ்சுபோச்சா?"

"இல்லீங்க, முடியல. இன்னும் பார்க்கிறான்."

"அப்போ காத்துக்கினு கீறாரு" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

மரியதாஸ் நிமிர்ந்தான். நிகழ்கால எச்சத்துக்கு அவன் நோட்டில் மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்திருந்தான். காத்துக்கினு. அதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது. அன்றிரவு நோட்டில் அதை அப்படியே எழுதி வைத்தான்.

பிறகு பல சனிக்கிழமைகளில் அவள் ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ கொண்டுவந்தாள். அவன் துண்டுக் காகிதத்தில் பொருள் எழுதிக் கொடுத்தான். அதை அவள் பாட்டுப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டாள். வாசற்படியில் நின்றுதான் பேசுவார்கள். காற்றில் உப்பு வாசனை வரும். ஒரு சொல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்து நெடுநேரம் சும்மா நிற்பார்கள். இந்தத் துண்டுக் காகிதங்கள் ஐம்பது அறுபது சேர்ந்த பிறகு, 1930-ஆம் வருஷம் ஈஸ்டர் கழிந்த வாரத்தில், தன்னைக் கலியாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று மரியதாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்காவாண்ட கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

லூயிசா வாய் பெரிய பெண்மணி. "ஏன் தம்பி, இத்தினி நாளா காயிதம் குடுத்துக்கினு இருந்தியே, வாயத் தொறந்து கேக்கறதுக்கு ரெண்டு வருசமா?" என்றாள். அதுதான் சம்மதம்.

விதவைக்கு மறுமணம் என்றால் முதல் புருஷன் இறந்ததற்கு அத்தாட்சி மேலிடத்துக்குப் போக வேண்டும். பங்குச்சாமியார் பெட்டியைத் திறந்து பேராக் கடிதத்தை எடுத்து மரியதாஸிடம் கொடுத்தார். அதைப் பார்த்து ஒரு சுத்தப் பிரதி எழுதச் சொன்னார்.

ஜூன் மாதத்து மத்தியானம். வெயில் கொதித்தது. மரியதாஸ் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். அந்த வரிக்கு வந்ததும் முதலில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே பெயரைச் சுற்றி மூன்று எச்சங்கள், மூன்று காலம்! லபொராந்தெம், நிகழ்காலம், வருந்துகிற. மூனீதும், இறந்தகாலம், பெற்றுக்கொண்ட. இதை நோட்டில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மூன்றாவதை எழுதினான். மொரித்தூரும்.

பேனா நின்றது.

இறந்த என்றால் மோர்த்தூவும் என்று இருக்க வேண்டும். இது மொரித்தூரும். எதிர்காலம். இறக்கப்போகிற.

'காய்ச்சலில் வருந்துகிற, தேவதிரவிய அனுமானங்களையெல்லாம் பெற்றுவிட்ட, இறக்கப்போகிற ராயப்பனை விட்டு வந்தேன்.' சாமியார் கப்பலேறும்போது ராயப்பன் உயிரோடு படுத்திருந்திருக்கிறான். அதற்கப்புறம் என்ன ஆனான் என்று அந்தச் சாமியாருக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது. வருந்தி, பெற்று, இறந்து என்று தமிழ் ஓட்டத்தில் மூன்றையும் ஒரே நூலில் கோர்த்து ஒரு மனுஷனைக் கொன்றது இருபத்திரண்டு வயது மரியதாஸ்.

பிரதியை அப்படியே விட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தான். காலில் மணல் சுட்டது தெரியவில்லை. முகத்துவாரம் வந்துவிட்டது. ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்றே சொல்ல முடியாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் ஆகிவிட்டது. சாகப்போகிறவன் செத்துத்தான் இருப்பான். சுத்தப் பிரதியை யாரும் உற்றுப் பார்க்கப்போவதில்லை. பழைய தமிழாக்கமும் கூட இருக்கிறது. கோயிலில் மூன்று வாரம் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தால் நாலாம் வாரம் கலியாணம். இப்படியெல்லாம் அவன் எண்ணினான். எண்ணியதை அவன் பின்னாளில் மறைத்ததும் இல்லை. மாலை வெளிச்சம் மஞ்சளாகி, ஊதாவாகி, கொக்குகள் எழுந்து போகும் வரை அங்கேயே இருந்தான். யாரோ தன் பக்கத்தில் நிற்பதுபோலவே அவனுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. முகம் தெரியாத ஒரு ஆள், மெலிந்தவன், காய்ச்சல்காரன்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி, கடிதத்தை மூக்கருகே வைத்துப் படித்தார். மறுபடி படித்தார்.

"நானும் அன்று கையெழுத்துப் போட்டேன்" என்றார் கடைசியில். "நீ எழுதிய தமிழைக் கேட்டேன், லத்தீனைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் யார் சொல்வது?"

"நான்தான் சொல்லணும் சாமி."

லூயிசா வீட்டுக் கூடத்தில் நின்றபடியே சொன்னான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஃப்ளோரன்ஸுக்கு ஒருமுறையில் புரியவில்லை.

"செத்துப்போனவருன்னு எழுதல. சாவப் போறவருன்னுதான் எழுதியிருக்கு. நான்தான் தப்பாப் படிச்சேன்."

"அப்போ அவரு உசுரோட கீறாரா?"

"தெரியாது."

"செத்துட்டாரா?"

"அதுவும் தெரியாது."

லூயிசாதான் கத்தினாள். "அடப் பாவி! ஆறு வருசம் வெள்ளப் பொடவ கட்டிக்கினு கீதே என் தங்கச்சி! தாலிய அவுத்தது நான்! இந்தக் கையாலதான்! ஒரு வார்த்தய ஒழுங்காப் படிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா பேனா?"

ஃப்ளோரன்ஸ் கத்தவில்லை. உள்ளே போய்ப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தாள். செருகியிருந்த துண்டுக் காகிதங்களையெல்லாம் உருவி அவன் கையில் கொடுத்தாள். "இதுல எதெது தப்புன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாமியார் பேராக்குக்கு எழுதினார். மரியதாஸ் எழுதித் தரவில்லை, அவரே தன் கையால் எழுதினார். பதில் வரப் பத்து மாதம் ஆயிற்று. முதலில் எழுதிய பிரெஞ்சுச் சாமியார் தம் நாட்டிலேயே இறந்துவிட்டிருந்தார். தோட்டத்தில் பழைய ஆட்கள் யாருமில்லை. ஒரு பங்கிலிருந்து அடுத்த பங்குக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று கடிதம் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பத்து மாதம் ஃப்ளோரன்ஸ் எப்படி இருந்தாள் என்பதை அவள் பின்னால் சொன்னதை வைத்துத்தான் சொல்ல முடியும். பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். வெள்ளைப் புடவையைக் கட்டவும் மனசில்லை, கலர்ப் புடவையைக் கட்டவும் மனசில்லை. இரண்டுக்கும் நடுவில் சாயம் போன ஒரு நீலப் புடவையையே துவைத்துத் துவைத்துக் கட்டினாள். தெருவில் யாராவது நெட்டையாக நடந்துபோனால் பின்னாலேயே நாலடி போய்ப் பார்த்தாள். ராயப்பன் முகத்தை நினைத்துப் பார்த்தால் காது மட்டும் ஞாபகம் வந்தது, மூக்கு வரவில்லை. ஏழு மாதம் வாழ்ந்த மனுஷனின் மூக்கு மறந்துபோகுமா என்று சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். சில நாள், அவர் கதவைத் தட்டுவதாகவும், தான் எழுந்து போகப் போக வாசல் தள்ளித் தள்ளிப் போவதாகவும் கனவு வந்தது.

மரியதாஸும் நோட்டை மூடிவிட்டான். முகத்துவாரத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். சாயங்காலங்களில் டிராமில் ஏறி, எங்கே போகிறதோ அங்கே போய், அதே டிராமில் திரும்பி வந்தான். கோயிலில் அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் தூரத்திலிருந்து பார்த்தான். அவள் பாடுவதில்லை.

1931 ஏப்ரலில் பதில் வந்தது. முழுப் பக்கம், நுணுக்கமான லத்தீன். சாவுப் புத்தகத்தின் நகல் ஒன்றும் இணைத்திருந்தார்கள். சாமியார் ஆள் அனுப்பி ஃப்ளோரன்ஸையும் லூயிசாவையும் வரவழைத்தார். தானே படித்துச் சொல்வதாகச் சொன்னார்.

"வேணாம் சாமி" என்றாள் ஃப்ளோரன்ஸ். "அவரே படிக்கட்டும். தப்பு செஞ்சவருதான சரி பண்ணணும்? ஒரு வார்த்த வுடாம படிக்கச் சொல்லுங்க. அழகா இருக்கணும்னு இல்ல."

மரியதாஸ் படித்தான். ஒரு லத்தீன் சொல், அதற்குத் தமிழ், பிறகு அடுத்த சொல். ஓசைக்காக எதையும் சேர்க்கவில்லை. ராயப்பன் அந்தக் காய்ச்சலிலிருந்து எழுந்துவிட்டான். தோட்டத்தை விட்டு ஈயச் சுரங்கம் ஒன்றுக்குப் போனான். பிறகு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டான். 1928-ஆம் வருஷம் நவம்பர் மாதம் பத்தொன்பதாம் தேதி, அதே ஆஸ்பத்திரியில், நெஞ்சு நோயால் இறந்தான். மோர்த்தூவுஸ். மரியதாஸ் அந்தச் சொல்லை இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னான். ஊரில் மனைவி இருப்பதைச் சாகும் வாரத்தில்தான் அங்கிருந்த சாமியாரிடம் சொன்னானாம். வெறுங்கையோடு போக வெட்கம். அதனால் கடிதமும் போடவில்லை. அதைப் பற்றிச் சாமியார் எழுதியிருந்தது நான்கு சொல்தான்: "ஸ்கிரிப்தூருஸ் செம்பெர், நும்க்வம் ஸ்கிரிப்சித்."

"எப்போதும் எழுதப்போகிறவனாகவே இருந்தான். ஒருநாளும் எழுதவில்லை" என்றான் மரியதாஸ்.

ஃப்ளோரன்ஸ் அவன் கையிலிருந்த தாளையே பார்த்தாள். வெளியே மீன்காரி கூவிக்கொண்டு போனது கேட்டது.

"என் பேரச் சொன்னாரா?"

மரியதாஸ் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெற்றுத்தாள். முன்பக்கத்தை மேலிருந்து கீழே மறுபடி தேடினான். ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

"மனைவின்னு எழுதியிருக்கு. பேரு இல்ல."

"சரி" என்றாள். எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நான் அவருக்குப் பூச வச்சன்னிக்கு அவரு அங்க எங்கியோ சோறு துன்னுக்கினு இருந்திருக்காரு. இல்ல? அஞ்சு வருசம் கிட்ட." அவள் குரலில் கோபமா சிரிப்பா என்று யாருக்கும் விளங்கவில்லை. லூயிசாதான் முதலில் அழ ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் நவம்பர் பத்தொன்பதாம் தேதி ஃப்ளோரன்ஸ் புதிதாக ஒரு பூசை கேட்டாள். அன்று கறுப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டி வந்தாள். ஒரே நாள்தான். மறுநாள் பச்சைப் புடவையில் பள்ளிக்கூடம் போனாள். பூசையன்று, எல்லாரும் போன பிறகு, அவள் எழுத்தர் அறை வாசலில் வந்து நின்றாள். மரியதாஸ் எழுந்துகொண்டான்.

"அந்தக் கடுதாசிய நீங்க பாத்துட்டு அப்பிடியே மடிச்சு வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"ஆமாம்."

"அன்னிக்கு நெனச்சீங்களா, மடிச்சு வெச்சிரலாம்னு?"

"நெனச்சேன். இருட்டற வரைக்கும் நெனச்சேன்."

அவள் தலையாட்டினாள். "என் காயிதத்தையெல்லாம் திருப்பிக் குடுங்க" என்றாள். "தப்பு இருந்தா திருத்திக் குடுங்க."

அவன் ஒரு வாரம் உட்கார்ந்து அறுபத்தொரு துண்டுக் காகிதங்களையும் அகராதியை வைத்துச் சரிபார்த்தான். நாலில் பிழை இருந்தது. சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தான். நாலு பிழைகளையும் அவள் உரக்கப் படித்துக்காட்டி லூயிசாவைச் சிரிக்கவைத்தாள்.

1932 ஜனவரியில், விடிகாலைப் பூசையில், பத்துப் பேர் முன்னிலையில் கலியாணம் நடந்தது. லூயிசா ஆப்பம் சுட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி எல்லாருக்கும் வைத்தாள். "பேனாக்காரரே, இன்னொண்ணு துன்னுங்க" என்று மரியதாஸை விடவில்லை. அவர்கள் மாம்பலத்தில், ஏரியைத் தூர்த்துப் புதிதாகத் தெரு போட்டிருந்த பக்கத்தில், ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். மழைக்காலத்தில் ஏரி தன் பழைய இடத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு திண்டாட வைத்தது. வாசலில் தவளைகள் கத்தும். மரியதாஸ் நோட்டைத் திரும்பத் திறந்தான். இனி ஒவ்வொரு பக்கத்தையும் ஃப்ளோரன்ஸ் கேட்ட பிறகுதான் மையில் எழுதினான். "இது நல்லாக் கீது, ஆனா அதான் அர்த்தமா?" என்று அவள் கேட்பாள். அழகாக வந்த பல வரிகள் அப்படித்தான் அடிபட்டுப் போயின. 1936-இல் நாற்பது பக்கச் சிறு புத்தகமாக அச்சிட்டு, குருமடங்களுக்கு அனுப்பினான். பழைய தலைவர் உயிரோடு இருந்தார். "ஜன்னலுக்கு வெளியே நீ பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா?" என்று லத்தீனில் ஒரு வரி எழுதிப் போட்டார்.

கலியாணத்தன்று மத்தியானம் லூயிசா வீட்டில் நடந்த ஒன்றை மரியதாஸ் பலமுறை சொல்லியிருக்கிறான். சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் போன பிறகு ஃப்ளோரன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். பத்து வருஷத்துத் தூக்கம். பாதி திறந்த ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்து, தலையில் வைத்திருந்த மல்லிகையை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருந்தது. லூயிசா எழுப்பப் போனாள். மரியதாஸ் வேண்டாமென்று கை காட்டிவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்தான். வெயில் தாழ்ந்து சுவரெல்லாம் செம்மஞ்சளாயிற்று. அவன் மனம் அன்று வேறெங்கும் போகவில்லை.